குடுமிக் கழுகை அடையாளம் கண்டு வகைப்படுத்துவது எப்படி? யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

"அண்ணை, இது என்ன கழுகு?" என்று கேட்டு வரும் படங்களில் பாதிக்கு மேல் பதில் சொல்ல முடிவதில்லை. படம் மங்கல் என்பது காரணமல்ல. முகமும் நெஞ்சும் அழகாக விழுந்திருக்கும். கால் மட்டும் கிளைக்குப் பின்னால் மறைந்திருக்கும். இந்தப் பறவைகளில் முதலில் பார்க்க வேண்டியது கால்தான்.

வன்னிக் காடுகளில் காணும் குடுமிக் கழுகை (நிசேட்டஸ் சிர்ரேட்டஸ்) அடையாளம் காண இங்கே சொல்லப்போவது ஒரு வரிசை: கால், உருவம், வயது, அப்புறம் கொண்டை, எல்லாவற்றுக்கும் பிறகு நிறம். பெயர் அதற்கும் பிறகு. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறத்தைப் பார்த்துப் பெயரை முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளைக்கிறார்கள்.

1. புறப்படும் முன்

தொலைநோக்கி 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் முன்வில்லையும் கொண்டதாக இருந்தால் போதும். பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் கூடும். மர நிழலில் பார்க்கும்போது வெளிச்சம் உள்ளே வருவதுதான் முக்கியம். கமரா இல்லாவிட்டால் பரவாயில்லை. கொப்பியும் பென்சிலும் இல்லாமல் போகாதீர்கள்.

கொப்பியில் ஒரு பக்கத்தை முன்கூட்டியே பிரித்து வையுங்கள்: நேரம், இடம், கால், சிறகு, வால், கண், கொண்டை, நிறம், குரல். பறவை பறந்துபோன பிறகு மனம் தான் விரும்பியதை நிரப்பிக்கொள்ளும். காலியாக இருக்கும் கட்டம், எதைப் பார்க்கவில்லை என்பதை நேர்மையாகக் காட்டும்.

படத்தைக் கண்டு பெயர் சொல்லும் செயலிகளை இப்போது எல்லோரும் வைத்திருக்கிறார்கள். வைத்திருங்கள், ஆனால் கொப்பியை நிரப்பிய பிறகு திறங்கள். செயலி சொன்ன பெயரைக் கேட்ட கண், அதன்பின் வேறொன்றைப் பார்க்காது.

2. முதலில் வீட்டுக்கு மேலே பறப்பவற்றைப் பழகுங்கள்

யாழ் குடாநாட்டுக்குள் குடுமிக் கழுகை எதிர்பார்க்க வேண்டாம். பனங்கூடலும் தோட்டமும் களப்பும் இருக்கின்றன, பெருமரக் காடு இல்லை. அதற்காக நேரே வன்னிக்கு ஓடிவிடாதீர்கள். அளவுகோல் இங்கேதான் கிடைக்கிறது.

நம் ஊரில் எல்லாமே "பிராந்து"தான். அதைப் பிரித்துப் பார்க்கப் பழகுவதே முதல் பயிற்சி. மீன் சந்தைக்கு மேலே சுற்றும் செம்பருந்தின் வால் விளிம்பு உருண்டது. கரும்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டது. கரும்பருந்து தீவின் தெற்கே அரிது, நமக்கோ அன்றாடப் பறவை. வேலியோரம் ஓணானைத் தூக்கிக்கொண்டு போகும் வல்லூறு சுமார் 30 சென்ரிமீற்றர், செம்பருந்து 50க்குக் கொஞ்சம் குறைவு, குடுமிக் கழுகு 60க்கு மேல். வெறும் வானத்தில் தனியாகத் தெரியும் பறவையின் அளவை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு காகமோ பருந்தோ பறந்தால்தான் ஒப்பிட முடியும். ஒப்பிட வேண்டுமென்றால் அவற்றின் உருவம் மனதில் பதிந்திருக்க வேண்டும்.

மாரி காலத்தில் குடாநாட்டின் திறந்த வெளிகளுக்கு மேலே இன்னொரு பறவையும் வரும்: ஹியராயேட்டஸ் பென்னேட்டஸ் என்ற சிறிய வலசைக் கழுகு. இதற்கும் கால் முழுக்க இறகு உண்டு. உடல் வெளிறியதாகவோ முழுக்கக் கபிலமாகவோ இருக்கலாம். ஒரே இனத்தில் இரண்டு நிறம். எந்த நிறத்திலும், முன்னிருந்து பார்த்தால் கழுத்தோடு சிறகு சேருமிடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மோட்டார் வாகன விளக்குப் போலத் தெரியும். அதைத் தேடப் பழகியவர், நிறத்தை நம்பக்கூடாது என்பதைக் காட்டுக்குப் போகாமலே படித்துவிடுவார்.

3. இடமும் நேரமும்

ஆனையிறவைத் தாண்டி ஏ9 வீதியில் தெற்கே போகப் போகக் காடு தொடங்கும். இரணைமடுக் குளத்தைச் சுற்றிய மரங்கள், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதி, இன்னும் கீழே மடு, வில்பத்துக் காடுகள் எல்லாம் குடுமிக் கழுகுக்கு ஏற்றவை. காட்டுக்குள் நுழைந்து தேடுவதைவிடக் காட்டின் விளிம்பில் நிற்பது நல்லது. இந்தப் பறவை கிளையில் அசையாமல் இருந்து, கீழே முயல், காட்டுக்கோழி, ஓணான் என்று எது நடமாடுகிறதோ அதன்மேல் பாயும். குளக்கட்டு, வயல் ஓரம், வீதியோரப் பட்டமரம் ஆகியவை அதற்கு வசதியான இருப்பிடங்கள்.

காலை 9 மணிக்கு முன் கிளைகளில் பாருங்கள், 9க்குப் பின் வானத்தில் பாருங்கள். நிலம் சூடாகி வெப்பக் காற்று மேலெழுந்தால்தான் பெரிய சிறகுள்ள பறவைகள் சிரமமில்லாமல் வட்டமிடும். நண்பகலில் போய் "ஒன்றையும் காணவில்லை" என்று திரும்புகிறவர்கள், பறவைகள் கண்ணுக்கெட்டாத உயரத்துக்கு ஏறிவிட்ட நேரத்தில் போனவர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம். வழியிலோ வன்னியிலோ கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் வேலை போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் நடந்துவந்தது. நல்ல படத்துக்காகப் பறவையைப் பின்தொடர்ந்து பாதையை விட்டு விலகுவது இங்கே வீரம் அல்ல, மடத்தனம். மாங்குளத்துக்கு அப்பால் யானையும் உண்டு. ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். எந்தக் குளத்தடியில் "பெரிய பிராந்து" கோழி தூக்குகிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

4. காலில் தொடங்குங்கள்

பறவை கிளையில் இருக்கிறது, தொலைநோக்கி கையில் இருக்கிறது. முகத்துக்குப் போகாதீர்கள். விரல்கள் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அதற்கு மேலுள்ள கால் வெறுமையாக மஞ்சளாகச் செதிலோடு தெரிகிறதா, அல்லது காற்சட்டை போட்டதுபோல இறகு விரல்வரை இறங்கி மூடியிருக்கிறதா?

இறகு மூடியிருந்தால் அது அக்விலினே என்ற உட்குடும்பத்தைச் சேர்ந்தது. குடுமிக் கழுகுகள் எல்லாம் இதற்குள் அடங்கும். வெறுங்கால் என்றால் எவ்வளவு பெரிய கொண்டை இருந்தாலும் குடுமிக் கழுகு இல்லை. வன்னியில் அதிகம் குழப்பும் இரண்டு பறவைகள், பாம்புக் கழுகும் தேன் பருந்தும், இந்த ஒரு கேள்வியிலேயே விலகிவிடும். காலை முதலில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். நிறம் வயதோடு மாறும், கொண்டை காற்றில் படுத்துவிடும், வெளிச்சம் ஏமாற்றும். காலிறகு குஞ்சுப் பருவம் கடந்த எந்த வயதிலும் அப்படியே இருக்கும்.

நேர் எதிரே நின்றால் வயிற்று இறகு காலை மறைக்கும். பக்கவாட்டுக்கு மெதுவாக நகருங்கள். நேரே பறவையை நோக்கி நடக்காமல் சாய்வாக நடந்தால் அது அவ்வளவு சீக்கிரம் பறக்காது. கமரா இருந்தால் முழு உடலும் கிளையும் சேர்ந்து விழும்படி எடுங்கள். கால் வெட்டுப்பட்ட படத்தை எத்தனை பேரிடம் காட்டினாலும் கால் வரப்போவதில்லை.

தொடையிறகையும் காலிறகையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். பாம்புக் கழுகுக்கும் தொடையில் அடர்த்தியாக இறகு உண்டு; அது தொங்கிக் காலின் மேற்பாதியை மறைக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது கீழ்ப்பாதி.

5. உருவம்: சிறகும் வாலும்

காலைப் பார்க்க முடியாமல் பறவை பறந்துவிட்டதா? சரி, உருவத்துக்கு வாருங்கள்.

குடுமிக் கழுகின் சிறகு உடல் அளவுக்குக் குறுகியது, அகலமானது, நுனி உருண்டது. வால் நீளமானது. மரங்களுக்கு இடையே திரும்பித் திரும்பிப் பறக்கும் வேட்டைப் பறவைக்கு நீண்ட சிறகு இடைஞ்சல். நீண்ட வால் சட்டென்று திசை மாற்ற உதவும். வெட்டவெளியில் நாள் முழுக்க மிதக்கும் கழுகுகளின் சிறகு இதற்கு எதிர்மாறாக நீண்டிருக்கும். இந்தக் காரணத்தை மனதில் வையுங்கள், வகைப்பாட்டுக்கு வரும்போது இதுவே ஒரு பொறியாக மாறும்.

வட்டமிடும்போது சிறகை எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். நம் குடுமிக் கழுகு கிட்டத்தட்டத் தட்டையாகப் பிடிக்கும். பாம்புக் கழுகு மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கும்; அதன் சிறகின் பின்விளிம்பை ஒட்டி ஒரு அகலமான வெள்ளைப் பட்டை ஓடும், வாலிலும் அதே மாதிரி ஒன்று. அந்த வெள்ளைப் பட்டையைக் கண்டுவிட்டால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

6. வயதைத் தீர்மானியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போகிறார்கள். புத்தகத்தில் உள்ள படம் முதிர்ந்த பறவை, மரத்தில் இருப்பது இளசு; இரண்டும் பொருந்தாததால் "புது இனம்" என்று ஒரு பரபரப்பு. வருடாவருடம் நடக்கிறது.

இளம் குடுமிக் கழுகின் தலையும் நெஞ்சும் வயிறும் வெள்ளை அல்லது வெளிர் பழுப்பு. முதுகு கபிலம், அதன் இறகு விளிம்புகள் வெளிறியிருக்கும். தூரத்தில் கிளையில் ஒரு வெள்ளைப் பறவை போலவே தோன்றும். முழு நிறம் வரச் சில ஆண்டுகள் ஆகும். இடையில் பாதி இளசு பாதி முதிர்ச்சி என்று எல்லா நிலைகளையும் காணலாம்.

ஆகவே நெஞ்சை விட்டுவிட்டு இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று கண்: இளசில் மங்கிய சாம்பல் அல்லது கபிலம், முதிர்ந்ததில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள். மற்றது வால்: இளசில் மெல்லிய பட்டைகள் பல, ஏறக்குறைய ஒரே அகலத்தில். முதிர்ந்ததில் பட்டைகள் குறைவு, நுனியை ஒட்டிய கடைசிப் பட்டை மற்றவற்றைவிடத் தெளிவாக அகலம். கண்ணும் வாலும் ஒரே கதையைச் சொன்னால் வயது உறுதி. வேறு வேறாகச் சொன்னால் "இடைப்பருவம்" என்று எழுதுங்கள். அப்படி எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. கொண்டையும் நிறமும்

இலங்கைக் குடுமிக் கழுகின் கொண்டை நீளமானது, மெல்லியது, உச்சியில் நிமிர்ந்து நிற்கும். பாம்புக் கழுகின் கொண்டை பிடரியைச் சுற்றிய குட்டையான புதர். கோபம் வந்தால் விசிறியாக விரியும். இருப்பதா இல்லையா என்பதைவிட எங்கே, எப்படி இருக்கிறது என்பதே பயனுள்ள கேள்வி. காணாவிட்டால் "இல்லை" என்று எழுதாமல் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். காற்றடிக்கும் நாளில் அது பின்னால் படிந்துவிடும்.

முதிர்ந்த பறவையின் வெளிறிய நெஞ்சில் கரிய கோடுகள் நெடுக்காக இறங்கும். நெடுக்கா குறுக்கா என்பதை அழுத்தி எழுதுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

இணையத்தில் முழுக்கக் கரிய குடுமிக் கழுகின் படங்களைக் கண்டு அதே மாதிரி ஒன்றை இங்கே தேடுகிறவர்கள் உண்டு. அந்தக் கரிய வடிவம் இமயமலை அடிவாரம் முதல் தென்கிழக்காசியா வரை வாழும் லிம்னேயேட்டஸ் என்ற துணை இனத்துக்கு உரியது. அதற்குக் கொண்டையும் இல்லை என்றே சொல்லலாம். இலங்கைப் பறவையிடம் கரிய வடிவம் கிடையாது. மலைநாட்டில் முழுக்கக் கரிய கழுகு ஒன்றைக் கண்டால் அது இக்டினேயேட்டஸ் பேரினக் கருங்கழுகு.

8. விட்டுப் பிரிக்க வேண்டிய பறவைகள்

தேன் பருந்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அதன் நிறம் ஆளுக்கு ஆள் மாறும். சிலவற்றுக்குக் கொண்டையும் உண்டு. ஆசியாவில் தேன் பருந்துகள் தாம் வாழும் இடத்துக் குடுமிக் கழுகின் கோலத்தையே ஒத்திருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். பலமில்லாத பறவை பலமுள்ளதன் வேஷத்தைப் போட்டால் பெரிய வேட்டைப் பறவைகள் நெருங்கத் தயங்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆகவே நிறத்தை வைத்துப் பிரிக்க முயன்றால் தோற்பது நீங்கள்தான். தலையைப் பாருங்கள்: உடலுக்குப் பொருந்தாத சிறிய, புறாவை ஒத்த தலை, நீண்ட கழுத்து, மெலிந்த அலகு. கால் வெறுமை. குளவிக் கூட்டைக் குடைந்து தின்னும் பறவைக்குக் கனத்த அலகு எதற்கு?

செவ்வயிற்றுக் கழுகு, அதாவது லோபோட்ரியோர்கிஸ் கீனேரி, காலிறகும் குட்டைக் கொண்டையும் உள்ளது. முதிர்ந்ததில் கரிய தலை, வெள்ளைத் தொண்டை, செம்பழுப்பு வயிறு, சிக்கல் இல்லை. அதன் இளசு அடிப்பக்கம் வெண்மையாக இருப்பதால் இளம் குடுமிக் கழுகோடு மயங்கும். கண்ணைச் சுற்றிய கரிய திட்டும் விலாப்பக்கக் கரிய திட்டும் பிரித்துக் காட்டும்.

மலைக் குடுமிக் கழுகை வன்னியில் தேட வேண்டாம். அது சிங்கராஜா, நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி போன்ற மழைக்காடு, மலைக்காடுகளின் பறவை. நெஞ்சிலும் வயிற்றிலும் செம்பழுப்புப் பட்டைகள் குறுக்காக ஓடும். சிறகு இன்னும் அகலம். நெடுக்கா குறுக்கா என்று எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

9. வகைப்பாட்டில் அதன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடலாம். ஆனால் பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் புதியதில் இன்னொன்றும் இருப்பதைக் கண்டு மாணவர்கள் திணறுவது இங்கேதான். மேலிருந்து கீழே இறங்குங்கள்: குடும்பம், உட்குடும்பம், பேரினம், இனம், துணை இனம். துணை இனத்தில் தொடங்கி மேலே ஏறினால், முதல் பிழையே கடைசிவரை கூடவரும்.

அ. குடும்பம் அக்சிபிட்ரிடே. பருந்து, கழுகு, வல்லூறு எல்லாம் இதில்தான். உட்குடும்பம் அக்விலினே, நான்காம் படியில் பார்த்த கால் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்க்கும்.

ஆ. பேரினத்துக்கு முன் கண்டத்தைக் கேளுங்கள். ஐந்தாம் படியில் சொன்ன பொறி இதுதான். குறுகிய அகலச் சிறகும் நீண்ட வாலும் காட்டு வேட்டைக்கு ஏற்றவை என்பதால், ஆசியாவிலும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக அந்த உருவம் தோன்றியிருக்கிறது. உருவ ஒற்றுமையை நம்பி முன்பு இவற்றில் பெரும்பாலானவற்றை ஸ்பிசேட்டஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டிருந்தார்கள். 2005 முதல் வந்த மரபணு ஆய்வுகள் ஆசியப் பறவைகளும் அமெரிக்கப் பறவைகளும் நெருங்கிய உறவல்ல என்று காட்டின. ஸ்பிசேட்டஸ் என்ற பெயர் ஓர் அமெரிக்க இனத்தை வைத்து அமைந்ததால் அங்கேயே நின்றது. ஆசியப் பறவைகளுக்கு ஹாட்ஜ்சன் 1836இல் வைத்த நிசேட்டஸ் என்ற பெயர் மீண்டும் வந்தது.

ஆகவே இன்று: அமெரிக்க வெப்பமண்டலக் காடு என்றால் ஸ்பிசேட்டஸ், 4 இனங்கள். ஆசியா என்றால் நிசேட்டஸ், எல்லாப் பிரிப்புகளையும் ஏற்றால் 10 இனங்கள். ஆப்பிரிக்காவின் காசின் கழுகு ஸ்பிசேட்டஸிலிருந்து விலகி இப்போது அக்விலா ஆப்பிரிக்கானா. பொதுப்பெயரில் குடுமிக் கழுகு, பருந்துக் கழுகு என்று இருப்பதாலேயே ஒரே குடும்பக் கிளை என்று எழுதிவிடாதீர்கள். தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணும் பிழை இது.

இ. இனம். வன்னிப் பறவை நிசேட்டஸ் சிர்ரேட்டஸ். 1788இல் க்மெலின் இதை பால்கோ சிர்ரேட்டஸ் என்று விவரித்தார். பேரினம் பின்னால் மாறியதால் விவரித்தவரின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்: நிசேட்டஸ் சிர்ரேட்டஸ் (க்மெலின், 1788). பேரினம் மாறாத பெயருக்கு அடைப்புக்குறி வராது. அலங்காரத்துக்குப் போடுவதல்ல அது.

ஈ. துணை இனம். இலங்கையில் சிலனென்சிஸ். இந்தியாவின் தெற்கிலுள்ள சிர்ரேட்டஸைவிட உருவில் சிறியது. இங்கே துணை இனத்தை இடம்தான் சொல்கிறது. படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முயலாதீர்கள்.

உ. சர்ச்சை உள்ள பெயர்களைக் குறித்து வையுங்கள். நமக்கு நெருக்கமானது மலைக் குடுமிக் கழுகு. லெக் 1878இல் இலங்கைப் பறவையைக் கேலார்ட்டி என்ற பெயரில் விவரித்தார். பிறகு நெடுங்காலம் அது இமயமலையின் நிசேட்டஸ் நிபாலென்சிஸின் துணை இனமாகவே எண்ணப்பட்டது. இலங்கை, தென்னிந்தியப் பறவைகள் தனி இனம் என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு வாதிட்டது. அதன்பின் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபட்டு வந்திருக்கிறது. இந்தோனேசியாவின் புளோரஸ் கழுகும் அப்படித்தான், முன்பு சிர்ரேட்டஸின் துணை இனம், பின்பு நிசேட்டஸ் புளோரிஸ். அந்தப் பிரிப்பு வெறும் பெயர் மாற்றமாக நின்றுவிடவில்லை. தனி இனம் என்று ஆனதும்தான் அது அழிவின் விளிம்பில் இருப்பது பட்டியலில் தெரிந்தது. துணை இனமாக இருந்தவரை ஆசியா முழுக்கப் பரவிய பெரிய எண்ணிக்கைக்குள் மறைந்திருந்தது.

எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்கள், எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுதுங்கள். 2025இல் ஏவிலிஸ்ட் என்ற ஒன்றுபட்ட உலகப் பட்டியலின் முதல் பதிப்பு வந்திருக்கிறது; புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம்.

10. பதிவு செய்வது

கொப்பியில் உள்ளதை அன்றே சுத்தமாக எழுதுங்கள். பார்த்தது ஒரு பத்தி, முடிவு செய்தது வேறு பத்தி. "காலிறகு விரல்வரை, நெஞ்சில் நெடுக்குக் கோடு, கண் மஞ்சள்" என்பது பார்த்தது. "நிசேட்டஸ் சிர்ரேட்டஸ், முதிர்ந்தது" என்பது முடிவு. நாளைக்கு வகைப்பாடு மாறினால் இரண்டாவதைத் திருத்தலாம், முதலாவது அப்படியே பயன்படும். இரண்டையும் கலந்து எழுதிய பழைய குறிப்புகளில், எழுதியவர் எதைக் கண்டார், எதை ஊகித்தார் என்று பிரிக்கவே முடிவதில்லை.

குரல் கேட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். கூர்மையான சீழ்க்கைகள் அடுத்தடுத்து உயர்ந்துபோய்க் கடைசியில் நீளும். போனில் பதிந்தால் இன்னும் நல்லது. ஆனால் பதிந்த குரலைத் திருப்பி ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்காதீர்கள்.

கூட்டைக் கண்டால் சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். இந்தக் கழுகு வழக்கமாக ஒரு முட்டைதான் இடும். ஆட்கள் கூடி, தாய்ப்பறவை நெடுநேரம் விலகியிருந்தால் அந்த வருடம் அதற்கு வேறு குஞ்சு கிடையாது. மாவட்டத்தையும் அருகிலுள்ள குளத்தின் பெயரையும் எழுதினால் போதும்.